டிஸ்ப்ரபோர்ஷனட்லி: எழுதுமுன் இரண்டு எண்கள் வேண்டும்

"வருமானத்துக்கு அதிகமாகச் சொத்து சேர்த்த வழக்கு." தினமும் பேப்பர் படிக்கிற யாருக்கும் இந்தத் தலைப்பு பழக்கம்தான். ஆங்கிலப் பத்திரிகைகள் இதையே டிஸ்ப்ரபோர்ஷனட் அசெட்ஸ் வழக்கு என்று எழுதும். ஒருவரிடம் நிறையச் சொத்து இருப்பது இங்கே குற்றம் இல்லை. பரம்பரைப் பணக்காரரிடம் பத்து வீடு இருக்கலாம், யாரும் கேட்க முடியாது. வருமானம் இவ்வளவு, அதைக் கொண்டு சேர்த்திருக்கக்கூடியது இவ்வளவு, ஆனால் சேர்ந்திருப்பது இவ்வளவு என்று இரண்டு தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால்தான் வழக்கு நிற்கும். டிஸ்ப்ரபோர்ஷனட்லி என்கிற வினையடைச் சொல் முழுவதும் இந்த ஒரு வேலையைத்தான் செய்கிறது. ஒன்றுக்கு இருக்க வேண்டிய பங்கையும் அதற்கு வந்து சேர்ந்த பங்கையும் ஒப்பிட்டு, இரண்டும் பொருந்தவில்லை என்று சொல்கிறது.

பாளையங்கோட்டையில் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வீட்டு மாடியில் ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்களில் நர்ஸிங் முடித்த பெண்கள் அதிகம். ஐஇஎல்டிஎஸ் என்கிற ஆங்கிலத் தேர்வை எழுதி வெளிநாடு போகிற எண்ணத்தோடு முக்கூடல், கடையம், ஆலங்குளம் பக்கமிருந்து பஸ் பிடித்து வருகிறார்கள். தொண்டு நிறுவனங்களில் அறிக்கை எழுதுகிற இளைஞர்கள் சிலரும் உண்டு. இந்த இரண்டு கூட்டத்துக்கும் பிடித்த சொல் இது. நீளமாக இருக்கிறது, கேட்கக் கம்பீரமாக இருக்கிறது, மதிப்பெண் கூடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதனால் 'ரொம்ப' என்று எழுத வேண்டிய இடத்தில் எல்லாம் இதைத் தூக்கி வைத்துவிடுகிறார்கள். அங்கேதான் பிழை தொடங்குகிறது. 'ரொம்ப' என்பதற்கு ஒப்பிட எதுவும் வேண்டாம். இந்தச் சொல்லுக்கு வேண்டும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. நம் ஊர் வாய்க்கால் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள், எண்கள் நான் கற்பனையாக வைப்பவை. மொத்தப் பாசனம் 100 ஏக்கர். அதில் கடைமடையில், அதாவது வாய்க்காலின் கடைசிப் பகுதியில், இருப்பது 30 ஏக்கர். பிசானப் பருவ நெல்லுக்குத் தண்ணீர் பற்றாமல் போய் 40 ஏக்கர் கருகிவிட்டது, அதில் 28 ஏக்கர் கடைமடையில். நிலத்தில் கடைமடையின் பங்கு 30 சதவீதம். நஷ்டத்தில் அதன் பங்கு 70 சதவீதம். முப்பது பங்கு வைத்திருப்பவர் எழுபது பங்கைச் சுமக்கிறார். இப்போது தைரியமாக எழுதலாம்: "தி லாஸ் ஃபெல் டிஸ்ப்ரபோர்ஷனட்லி ஆன் டெயில்-எண்ட் ஃபார்மர்ஸ்." நிலத்திலும் கடைமடைக்கு 70 சதவீதம் இருந்திருந்தால்? அப்போது அதே 28 ஏக்கர் அவரவர் பங்குக்கு வந்த நஷ்டம். வருத்தம் ஒன்றுதான், ஆனால் இந்தச் சொல்லுக்கு அங்கே இடம் இல்லை.

ஆக எழுதுவதற்கு முன்னால் ஒரு தாளின் ஓரத்தில் இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளச் சொல்கிறேன். ஒன்று, அந்தக் கூட்டம் மொத்தத்தில் எவ்வளவு. இன்னொன்று, பேசுகிற நன்மையிலோ கெடுதலிலோ அதற்கு எவ்வளவு. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் சொல்லை விட்டுவிடுங்கள். முதல் எண் கிடைக்கவே இல்லை என்றாலும் விட்டுவிடுங்கள். சரியான எண் கையில் இல்லாமல் தோராயம் மட்டும் தெரிந்தால் பரவாயில்லை, ஆனால் எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பது மனதில் தெளிவாக இருக்க வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் பக்கம் வந்த வெள்ளத்தைப் பற்றி வகுப்பில் கட்டுரை எழுதச் சொன்னபோது, "தி ஃப்ளட் டிஸ்ப்ரபோர்ஷனட்லி அஃபெக்டட் எவ்ரிஒன்" என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். ஸ்ரீவைகுண்டம் பக்கத்துப் பெண், அந்த நாட்களை நேரில் பார்த்தவள். "எல்லாரும்தானே மிஸ் கஷ்டப்பட்டோம்" என்றாள். அவள் சொன்னது உண்மை. ஆனால் எல்லாரையும் என்றால் பங்கு பிரிக்க ஆளே மிச்சம் இல்லை. யாரோ சிலருக்குக் கூடுதலாக விழுந்தால்தான் மற்றவர்களுக்குக் குறைவாக விழுந்திருக்கும். அவள் சொல்ல வந்தது "சிவியர்லி", அதாவது கடுமையாக. எவ்ரிஒன், ஆல், தி ஹோல் டிஸ்ட்ரிக்ட் மாதிரியான சொற்களுக்குப் பக்கத்தில் டிஸ்ப்ரபோர்ஷனட்லி வந்தால் அந்த வாக்கியம் தவறு என்று அடித்துச் சொல்லிவிடலாம்.

அதே கட்டுரைகளில் இன்னொரு பிழையும் இருந்தது. அன்று காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. அந்த வட்டாரம் ஒரு வருஷம் முழுக்கப் பார்க்கிற மழையைவிட அதிகம் இது. இதை "டிஸ்ப்ரபோர்ஷனட்லி ஹெவி ரெய்ன்" என்று எழுதலாமா? நான் எழுத விடமாட்டேன். அந்த ஊரை அந்த ஊரின் பழைய வருஷங்களோடு ஒப்பிடுகிறீர்கள். வழக்கத்துக்கு மாறானது என்றால் "அன்யூஷுவலி", இதுவரை காணாதது என்றால் "அன்ப்ரெசிடென்டட்". ஒன்றை அதன் நேற்றோடு ஒப்பிடும்போது அந்தச் சொற்கள். ஒரு பங்கை இன்னொரு பங்கோடு ஒப்பிடும்போதுதான் நம் சொல்.

மழையிலேயே சரியான உதாரணமும் இருக்கிறது. அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்று மாதங்கள் வருஷத்தில் கால்பங்கு. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி அந்த மூன்று மாதங்களில் வடகிழக்குப் பருவமழையாக வந்துவிடுகிறது. கால்பங்கு நாள், அரைப்பங்கு மழை. "எ டிஸ்ப்ரபோர்ஷனட்லி லார்ஜ் ஷேர் ஆஃப் த ரெய்ன் ஃபால்ஸ் இன் த்ரீ மன்த்ஸ்." கச்சிதமாகப் பொருந்துகிறது. இதில் யார்மேலும் குற்றம் இல்லை என்பதையும் கவனியுங்கள். இந்தச் சொல் வந்தாலே அநியாயம் நடந்திருக்கிறது என்று நினைக்கிறவர்கள் உண்டு, அது தேவையில்லை.

நல்லதற்கும் வரும். நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, கீழரத வீதியில் இருக்கிற இருட்டுக்கடை என்கிற அல்வாக்கடை எவ்வளவு சின்னது என்று போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பெயரோ உலகம் பூராவும் பரவியிருக்கிறது. "டிஸ்ப்ரபோர்ஷனட்லி ஃபேமஸ் ஃபார் இட்ஸ் சைஸ்" என்றால் அதன் அளவை வைத்துப் பார்த்தால் புகழ் பல மடங்கு. பாளையங்கோட்டைக்கும் இது பொருந்தும். ஊரின் அளவுக்கு இங்கே பள்ளிகளும் கல்லூரிகளும் மிக அதிகம், தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு என்று பெயர் வந்ததே அதனால்தான். "ஃபார் இட்ஸ் சைஸ்", "ஃபார் எ டவுன் ஆஃப் இட்ஸ் சைஸ்" ஆகிய தொடர்களை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். எதோடு ஒப்பிடுகிறோம் என்பதை மூன்று நான்கு சொல்லில் அவை சொல்லிவிடும்.

குறைவாக இருப்பதற்கும் இதே சொல்தான். கூடுதல் என்ற பொருள் மட்டும் என்று பலர் நினைத்திருக்கிறார்கள். உலக மக்கள்தொகையில் இந்தியாவின் பங்கு சுமார் 18 சதவீதம், உலகின் நன்னீரில் நம் பங்கு சுமார் 4 சதவீதம். "இந்தியா ஹேஸ் எ டிஸ்ப்ரபோர்ஷனட்லி ஸ்மால் ஷேர் ஆஃப் தி வேர்ல்ட்ஸ் ஃப்ரெஷ் வாட்டர்." ஹை, லார்ஜ், ஹெவி என்று பின்னால் போட்டால் மிகுதி. லோ, ஸ்மால், ஃபியூ என்று போட்டால் குறைவு. எதுவும் போடாமல் ஒரு வினையோடு மட்டும் சேர்த்தால் படிப்பவர் கூடுதல் என்றே எடுத்துக்கொள்வார். ஆகவே குறைவைச் சொல்லும்போது அந்தப் பெயரடையை விட்டுவிடக் கூடாது.

இதை ஒட்டி ஒரு எச்சரிக்கை. 2024 மக்களவைத் தேர்தலில் ஜெயித்த 543 பேரில் 74 பேர் பெண்கள், அதாவது சுமார் 13.6 சதவீதம். நாட்டில் பெண்கள் கிட்டத்தட்ட பாதி. இதை "டிஸ்ப்ரபோர்ஷனட்லி அண்டர்ரெப்ரசென்டட்" என்று எழுதுகிறார்கள். அண்டர்ரெப்ரசென்டட் என்ற சொல்லுக்குள்ளேயே பங்குக்குக் குறைவான பிரதிநிதித்துவம் என்ற பொருள் இருக்கிறது, மேலே இன்னொன்று எதற்கு? "விமென் ஆர் அண்டர்ரெப்ரசென்டட்" போதும். அழுத்தம் வேண்டுமென்றால் எண்ணைப் போடுங்கள், 13.6 தானே பேசும். வெறும் "டிஸ்ப்ரபோர்ஷனட்லி ரெப்ரசென்டட்" என்று எழுதினால் இன்னும் மோசம். பெண்கள் அதிகமாக இருக்கிறார்கள் என்று நேர்மாறாகப் படிக்கத் தோன்றும்.

இனி நான் வகுப்பில் அதிக நேரம் செலவழிக்கும் இடத்துக்கு வருகிறேன். முதல் எண்ணை எதிலிருந்து எடுப்பது? மொத்தம் என்று எதைச் சொல்கிறோம்? இதை மாற்றினால் அதே செய்தி தலைகீழாகிவிடும்.

சாலை விபத்தை எடுத்துக்கொள்வோம். மத்திய அரசின் கணக்குப்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் ஏறத்தாழ 44.5 சதவீதம் பேர் இரு சக்கர வண்டியில் போனவர்கள். "டூ-வீலர் ரைடர்ஸ் டை டிஸ்ப்ரபோர்ஷனட்லி" என்று எழுதக் கை பரபரக்கும். ஆனால் பதிவான வண்டிகளில் சுமார் முக்கால்வாசி இரு சக்கர வண்டிகள்தான். வண்டி எண்ணிக்கையை மொத்தமாக வைத்தால் 75-க்கு 44 என்று ஆகிறது, அந்த வாக்கியம் நிற்காது. அமெரிக்காவில் அதே வாக்கியம் நிற்கும். அங்கே பதிவான வண்டிகளில் மோட்டார் சைக்கிள்கள் சுமார் 3 சதவீதம்தான், 2022-ல் சாலையில் இறந்தவர்களில் அவற்றில் போனவர்கள் சுமார் 15 சதவீதம். அங்கே எழுதப்பட்ட கட்டுரையிலிருந்து வாக்கியத்தை அப்படியே எடுத்து நம் ஊருக்கு ஒட்டவைப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைத்தான் காட்டுவேன். அப்படியானால் நம் ஊரில் பைக் பத்திரமான வண்டியா? அப்படியும் சொல்ல முடியாது. லாரியும் பஸ்ஸும் ஒரு நாளில் ஓடுகிற தூரமும் பைக் ஓடுகிற தூரமும் ஒன்றல்ல. எத்தனை வண்டி என்று பார்க்காமல் எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வரும். எந்த அளவில் சொல்கிறீர்களோ அதை வாக்கியத்திலேயே போட்டுவிடுங்கள். "ரிலேட்டிவ் டு தேர் நம்பர்ஸ்" என்றால் எண்ணிக்கையை வைத்து. "பெர் கிலோமீட்டர் ட்ராவல்ட்" என்றால் ஓடிய தூரத்தை வைத்து.

பீடிக் கணக்குதான் எனக்கு இன்னும் நெருக்கமானது. என்னிடம் படிக்க வருகிற பெண்களில் பலருக்கு அம்மா பீடி சுற்றுகிறவர். வீட்டு வேலையை முடித்துவிட்டுத் திண்ணையில் தட்டை மடியில் வைத்து உட்கார்ந்தால் இருட்டுகிற வரைக்கும் இலையும் தூளும்தான். முதுகுவலி, தூள் ஏறி வருகிற இருமல், கூலியைப் பிள்ளைகளின் ஃபீஸுக்கு ஒதுக்கி வைத்த கதை எல்லாம் கட்டுரைகளில் வரும். அந்தப் பிள்ளைகள் இதை எழுதும்போது ஒரு சொல்கூடத் தளர்ந்துவிடக் கூடாது என்று எனக்கு இருக்கிறது. அம்மாவின் கஷ்டத்தை ஒருவர் மேலோட்டமாகப் படித்துத் தள்ளிவிட இடம் கொடுக்கக் கூடாது.

அவர்கள் எழுதும் வாக்கியம் இதுதான்: "பீடி ரோலிங் டிஸ்ப்ரபோர்ஷனட்லி ஹார்ம்ஸ் விமென்." சரியா தவறா? பீடி சுற்றுகிறவர்களை மொத்தமாக எடுத்தால், அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள், கெடுதலும் மிகப் பெரும்பாலும் பெண்களுக்கே. இரண்டு பங்கும் ஒன்றாகிவிடுகிறது, வாக்கியம் கலகலத்துப் போகிறது. கூர்ந்து படிக்கிற ஒருவர் அந்த இடத்தில் பிடித்துக்கொள்வார். ஊரில் உள்ள எல்லா ஆண்களையும் பெண்களையும் மொத்தமாக எடுத்தால் நிலைமை வேறு. பெண்கள் பாதி, ஆனால் இந்த வேலையின் சுமை ஏறக்குறைய முழுவதும் அவர்கள்மேல். வாக்கியம் உறுதியாக நிற்கிறது. ஆகவே மொத்தத்தை வெளிப்படையாகச் சொல்லி எழுத வேண்டும்: "விமென் ஆர் அபௌட் ஹாஃப் தி அடல்ட்ஸ் இன் தீஸ் வில்லேஜஸ், பட் தி பர்டன் ஆஃப் பீடி ரோலிங் ஃபால்ஸ் டிஸ்ப்ரபோர்ஷனட்லி ஆன் தெம்." கொஞ்சம் நீளம்தான். ஆனால் யாரும் அசைக்க முடியாது. தொண்டு நிறுவன அறிக்கை எழுதுகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். பணம் கொடுக்கிற இடத்தில் உட்கார்ந்திருப்பவர் முக்கூடலையோ ஆலங்குளத்தையோ பார்த்திருக்கமாட்டார். ஊரில் யார் எத்தனை பேர் என்பது அவருக்கு நம் வாக்கியத்திலிருந்துதான் தெரிய வேண்டும்.

இதிலேயே "மோஸ்ட்லி"க்கும் டிஸ்ப்ரபோர்ஷனட்லிக்கும் உள்ள வேறுபாடு தெரிந்துவிடும். பெண்கள் பள்ளியில் பரீட்சையில் தேறாதவர்கள் எல்லாரும் பெண்கள்தான், அதில் பொருந்தாமை எதுவும் இல்லை. மறுபக்கம், நூற்றில் ஐந்து பேராக இருக்கிற ஒரு கூட்டத்துக்கு நோயில் இருபது சதவீதம் வந்தால், இருபது என்பது பெரும்பான்மை இல்லை என்றாலும் நான்கு மடங்கு. அங்கே இந்தச் சொல் சரி. பெரும்பான்மை என்பது வேறு, பங்குக்கு மிஞ்சியது வேறு.

பக்கத்துச் சொற்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "அன்ஈவன்லி" என்றால் சீரில்லாமல், இங்கே ஒரு மாதிரி அங்கே ஒரு மாதிரி. மாஞ்சோலைக்கு மேலே மலையில் நாலுமுக்கிலும் ஊத்திலும் கொட்டுகிற மழையும் கீழே ராதாபுரம் பக்கத்து மழையும் ஒன்றல்ல, அது அன்ஈவன்லி. யாருக்கு எவ்வளவு வர வேண்டும் என்ற கேள்வியே அதில் இல்லை. "எக்ஸெசிவ்லி" என்றால் அளவுக்கு மீறி. தேநீரில் சர்க்கரை அதிகமானால் அது. "அன்ஃபேர்லி" என்றால் நியாயமில்லாமல். அது தீர்ப்பு, எண்ணை வைத்து நிறுவ முடியாது, காரணம் சொல்லி வாதாட வேண்டும். பலர் அன்ஃபேர்லி என்று எழுதத் தயங்கி, கொஞ்சம் மரியாதையாக இருக்கட்டும் என்று டிஸ்ப்ரபோர்ஷனட்லியை எழுதுகிறார்கள். அநியாயம் என்று நினைத்தால் அதையே எழுதிவிட்டுக் காரணத்தைச் சொல்லலாம், அதில் தப்பே இல்லை.

இலக்கணத்துக்கு வருவோம். இந்தச் சொல் உட்காரும் இடங்கள் அதிகம் இல்லை. வினைக்கு முன்னால் வரும்: "டிஸ்ப்ரபோர்ஷனட்லி அஃபெக்ட்ஸ் தி புவர்." செயப்பாட்டு வினை என்றால் ஆர், வாஸ், வேர் ஆகியவற்றுக்கும் வினைக்கும் நடுவில்: "ஆர் டிஸ்ப்ரபோர்ஷனட்லி அஃபெக்டட் பை." பெயரடைக்கு முன்னால்: "டிஸ்ப்ரபோர்ஷனட்லி ஹை ஃபீஸ்." செயப்படுபொருள் இல்லாத வினை என்றால் அதற்குப் பின்னால்: "சஃபர் டிஸ்ப்ரபோர்ஷனட்லி", "ஃபால்ஸ் டிஸ்ப்ரபோர்ஷனட்லி ஆன்". ஆகக்கூடாத இடம் ஒன்று உண்டு, நம் பிள்ளைகள் அங்கேதான் அதிகம் வைக்கிறார்கள். வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவே: "அஃபெக்ட்ஸ் டிஸ்ப்ரபோர்ஷனட்லி விமென்." தமிழில் சொற்களை இடம் மாற்றி வைத்தாலும் வேற்றுமை உருபு பொருளைக் காப்பாற்றிவிடும். ஆங்கிலத்தில் வினையையும் அதன் செயப்படுபொருளையும் இப்படிப் பிரிக்கக் கூடாது. சொல்லை வினைக்கு முன்னால் நகர்த்துங்கள், அல்லது வாக்கியத்தின் கடைசிக்குக் கொண்டுபோங்கள்: "அஃபெக்ட்ஸ் விமென் டிஸ்ப்ரபோர்ஷனட்லி."

பெயரடையாக டிஸ்ப்ரபோர்ஷனட் வரும்போது பின்னால் "டு" வரும்: "டிஸ்ப்ரபோர்ஷனட் டு தேர் இன்கம்." "தன்" போடாதீர்கள். "வெரி டிஸ்ப்ரபோர்ஷனட்லி" என்றும் எழுதாதீர்கள், காதுக்கு உறுத்தும். அளவைச் சொல்ல வேண்டுமானால் "இரண்டு மடங்கு", "நான்கு மடங்கு" என்று எண்ணாகவே சொல்லிவிடுவது நல்லது. ஒரு கட்டுரையில் ஒருமுறைக்கு மேல் இந்தச் சொல் வேண்டாம் என்பது என் கருத்து. இரண்டாவது தடவை வரும்போது படிப்பவர் கவனம் விஷயத்தை விட்டுச் சொல்லுக்குப் போய்விடும்.

எழுத்துக் கூட்டல் (disproportionately) பயமுறுத்தும், பதினெட்டு எழுத்து. ஆறு துண்டாக உடையுங்கள்: டிஸ், ப்ரோ, போர், ஷன், ஏட், லி. எழுத்துகள் முறையே மூன்று, மூன்று, மூன்று, நான்கு, மூன்று, இரண்டு. முதல் துண்டில் எஸ் ஒன்றுதான். ஐந்தாம் துண்டின் கடைசியில் இருக்கிற ஈ எழுத்தை, லி சேர்க்கும்போது தின்றுவிடாதீர்கள். நான் திருத்துகிற தாள்களில் இந்த இரண்டும்தான் திரும்பத் திரும்ப வருகிறவை.

உச்சரிப்பில் அழுத்தம் மூன்றாவது துண்டில்: டிஸ்-ப்ர-போர்-ஷ-னட்-லி. ஐந்தாம் துண்டை எழுதும்போதுதான் ஏட், வாயில் அது 'னட்' என்று சுருங்கும். 'நேட்லி' என்று இழுக்க வேண்டாம். இதற்குப் பின்னால் ஒரு வழக்கம் இருக்கிறது, தெரிந்துகொண்டால் பல சொற்களுக்கு உதவும். இந்த முடிவு வினைச்சொல்லில் 'ஏட்' என்று நீளும், பெயரடையிலும் பெயர்ச்சொல்லிலும் பெரும்பாலும் 'அட்' என்று சுருங்கும். பிரித்து வை என்றால் செபரேட், தனியான என்றால் செபரட். மதிப்பிடு என்றால் எஸ்டிமேட், மதிப்பீடு என்றால் எஸ்டிமட். பட்டம் பெறு என்றால் கிராஜுவேட், பட்டதாரி என்றால் கிராஜுவட்.

ஐஇஎல்டிஎஸ் எழுதுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. அகாடமிக் பிரிவில், எழுத்துத் தேர்வின் முதல் பகுதியில் படமோ வரைபடமோ கொடுத்துக் குறைந்தது 150 சொல்லில் விவரிக்கச் சொல்வார்கள். ஒரே ஒரு வட்ட வரைபடம் கொடுத்து, அதில் ஒரு துண்டு பெரிதாக இருந்தால் அது "தி லார்ஜஸ்ட் ஷேர்", அவ்வளவுதான். அதைவைத்து டிஸ்ப்ரபோர்ஷனட்லி என்று எழுத முடியாது, ஒப்பிட இரண்டாவது பங்கு படத்தில் இல்லை. இரண்டு வட்டங்கள், ஒன்றில் மக்கள்தொகை, மற்றொன்றில் தண்ணீர்ப் பயன்பாடு என்று பக்கத்தில் பக்கத்தில் கொடுத்தால் அதுதான் இந்தச் சொல்லுக்கு ஏற்ற இடம். அங்கேயும் சொல்லோடு நின்றுவிடாமல் இரண்டு சதவீதத்தையும் அதே வாக்கியத்தில் எழுதிவிடுங்கள். குறைந்தது 250 சொல்லில் எழுத வேண்டிய இரண்டாம் பகுதிக் கட்டுரையில் எண் கொடுக்கத் தேவையில்லை, ஆனால் எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்பது தெரிய வேண்டும்.

பேச்சுத் தேர்வில் நாக்கு தடுமாறும் என்று பயந்தால் இந்தச் சொல்லைச் சொல்லாதீர்கள். "மோர் தன் தேர் ஷேர்" என்று சொன்னால் பொருள் அப்படியே வந்துவிடும், குறைவு என்றால் "லெஸ் தன் தேர் ஷேர்". "மை மதர் டஸ் மோர் தன் ஹெர் ஷேர் ஆஃப் தி வொர்க் அட் ஹோம்" என்று கடையத்துப் பெண் ஒருத்தி சென்ற மாதம் பயிற்சியில் நிதானமாகச் சொன்னாள். நான் அதில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை.